ஆகஸ்ட் 11, 1973: ஹிப் ஹாப்புக்கு ஒரு பிறந்தநாள் கிடைத்த கதை

சிண்டி கேம்ப்பெலுக்குப் பள்ளி திறக்கும் நாளில் போட்டுக்கொள்ளப் புதுத் துணி வேண்டும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் வாங்குகிற ஃபோர்டாம் ரோட்டுத் துணி இல்லை, மன்ஹாட்டனில் டெலன்சி தெருவுக்குப் போய் வாங்க நினைத்தார். அதற்குக் காசு வேண்டுமே. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற தங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த பொது அறையை 25 டாலர் போல வாடகைக்குப் பிடித்தார், ரெக்கார்டு போட அண்ணனைச் சேர்த்துக்கொண்டார், கோடு போட்ட அட்டைகளில் கையாலேயே அழைப்பு எழுதிக் கொடுத்தார்: பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட், ராத்திரி 9 மணி முதல் விடியற்காலை 4 மணி வரை. கணக்குப் போட்டுப் பாருங்கள், அறை வாடகை திரும்பி வரவே 50 பையன்களோ 100 பெண்களோ வந்தாக வேண்டும். வந்தார்கள். தேதி 1973 ஆகஸ்ட் 11.

அண்ணன் கிளைவ் கேம்ப்பெலுக்கு அப்போது 18 வயது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து 1967ல் பிராங்ஸுக்கு வந்தவர், ஊரில் டிஜே கூல் ஹெர்க் என்று பெயர்.

இன்று உலகம் முழுக்க ஹிப் ஹாப்பின் பிறந்தநாள் என்று சொல்லப்படுவது அந்த ராத்திரிதான். 2021ல் அமெரிக்க செனட் அந்தத் தேதியை ஹிப் ஹாப் கொண்டாட்ட நாளாக அறிவித்துத் தீர்மானமே போட்டது. 2023ல் 50 ஆண்டு நிறைவென்று யாங்கீ ஸ்டேடியத்தில் பெரிய கச்சேரி நடந்தது, அதே ஆண்டு ஹெர்க்குக்கு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கொடுத்தார்கள். கொண்டாட்டம் பெரிதாகப் பெரிதாகச் சண்டையும் பெரிதானது. அதே நியூயார்க்கின் புரூக்ளின்காரர்கள் எங்களிடம் அதற்கு முன்பே இருந்தது என்கிறார்கள், ஹார்லெம்காரர்கள் ராப் எங்கள் கிளப்பில் வந்தது என்கிறார்கள், ஜமைக்கா இல்லாவிட்டால் எதுவுமே இல்லை என்று ஒரு கட்சி, ஜமைக்காவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று எதிர்க்கட்சி, போர்ட்டோ ரிக்கோ மக்களைக் கதையிலிருந்து வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று இன்னொரு குரல்.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக்கூடாது என்பது நம் பழமொழி. இந்த விஷயத்தில் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. பார்க்காமல் விட்டால் காணாமல் போகிறவர்கள் எப்போதும் ஒரே மாதிரி ஆட்கள்: கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சாதவர்கள், பேட்டி எடுக்க ஆள் வருவதற்கு முன்பே இறந்துபோனவர்கள், எழுதுகிறவன் எட்டிப் பார்க்காத கிளப்பில் வாசித்தவர்கள். ஆனால் "யார் அப்பா" என்று கேட்டால் பதில் வராது. எந்தக் கை எந்த வேலையை முதலில் செய்தது என்று தனித்தனியாகக் கேட்டால் ஓரளவு வருகிறது. அப்படித்தான் இதைப் பிரித்துப் பார்க்கிறேன்.

அந்த ராத்திரியில் இருந்ததும் இல்லாததும்

முதலில் ஒலி. ஹெர்க்கின் அப்பா ஒரு இசைக்குழுவுக்காக ஷூர் நிறுவனத்தின் மைக், ஸ்பீக்கர் செட் ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதன் முழுச் சத்தத்தையும் வெளியே கொண்டுவருவது எப்படி என்று மகன் ஒயரை மாற்றி மாற்றிச் சொருகிக் கண்டுபிடித்தார். பின்னாளில் ஹெர்க்குலார்ட்ஸ் என்று பேர் வைத்த அவருடைய ஸ்பீக்கர்கள் போட்டிக்கு வந்த எல்லாரையும் அமுக்கின என்பதில் எதிரிகளுக்குள்ளும் கருத்து வேறுபாடு கிடையாது. சத்தம் ஒரு சின்ன விஷயம் என்று நினைக்கக்கூடாது. வீட்டு ரேடியோவில் கேட்ட அதே பாட்டின் பேஸும் டிரம்ஸும் நெஞ்சுக்கூட்டில் வந்து அடித்தால் அது வேறு பாட்டாகிவிடும்.

அப்புறம் மைக். ஹெர்க்கின் நண்பர் கோக் லா ராக், வந்திருந்த கூட்டாளிகளின் பெயரை எக்கோ வைத்துக் கூப்பிட்டு, நடுநடுவே ஒன்றிரண்டு உற்சாக வரிகளை எடுத்துவிட்டார். அவ்வளவுதான். இன்று நாம் ராப் என்று சொல்கிற, தாளத்தின் மேல் சரணம் சரணமாக ஏறிப் போகிற பேச்சு அன்று இல்லை. ரெக்கார்டை முன்னும் பின்னும் தேய்த்துச் சத்தம் எழுப்பும் ஸ்கிராட்ச் இல்லை. ஒலிப்பதிவும் இல்லை, அந்த அறையில் என்னென்ன ஒலித்தது என்பதற்கு அங்கே இருந்தவர்களின் நினைவு ஒன்றுதான் சாட்சி. முதலில் ஹெர்க் ஜமைக்கா பாட்டுகளைப் போட்டுப் பார்த்தார், கூட்டம் அசையவில்லை, உடனே கறுப்பின அமெரிக்கர்களின் சோல், ஃபங்க் பக்கம் மாறினார் என்பது அந்தச் சாட்சியங்களில் வருகிற ஒரு விவரம். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஜமைக்கா சண்டையில் இது திரும்ப வரும்.

ஹெர்க்கின் உண்மையான கண்டுபிடிப்பு அதற்குப் பிறகு, ட்வைலைட் ஸோன், ஹிவாலோ மாதிரியான கிளப்புகளுக்கு அவர் போன காலத்தில் முழு உருவத்துக்கு வந்தது. ரெக்கார்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஆடுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டின் நடுவில் பாடகர் நிறுத்தி, வயலின் கிட்டார் எல்லாம் விலகி, வெறும் டிரம்ஸும் காங்காவும் பேஸும் மட்டும் நிற்கிற சில விநாடிகள் வரும், அதற்குப் பெயர் பிரேக். ஆட்டக்காரர்கள் அதற்காகவே ஓரமாகக் காத்திருந்து, அது வந்ததும் பாய்கிறார்கள். அப்படியானால் அது மட்டும் போதுமே, மற்றதெல்லாம் எதற்கு? ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி, இரண்டு டர்ன்டேபிள், ஒன்றில் பிரேக் முடியப்போகும்போது மற்றதில் ஊசியைத் தூக்கி அதே பிரேக்கின் தொடக்கத்தில் வைப்பது. இதற்கு அவர் மெர்ரி கோ ரவுண்ட் என்று பேர் வைத்தார், நம் ஊர்த் திருவிழா ராட்டினம்தான். ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் பாட்டின் பிரேக்கிலிருந்து இன்கிரெடிபிள் போங்கோ பேண்டுக்கு, அதிலிருந்து பேப் ரூத் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் பிரேக்குக்கு என்று போகும். இன்கிரெடிபிள் போங்கோ பேண்ட் என்பது மைக்கேல் வைனர் என்ற தயாரிப்பாளர் ஸ்டுடியோ கலைஞர்களைக் கூட்டிவந்து வான்கூவரில் பதிவு செய்த குழு, கடையில் பெரிதாக விற்கவே இல்லை. பிராங்ஸில் அவர்களுடைய "அப்பாச்சி" ரெக்கார்டுதான் தேசிய கீதம் மாதிரி ஆனது.

எந்த ரெக்கார்டு என்று போட்டியாளர் பார்த்துவிடக்கூடாது என்பதற்காக அதன் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவார். பெரிய ஸ்பீக்கர்களை வைத்துத் தெருவில் பாட்டுப் போடும் ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம்காரர்கள் காலங்காலமாகச் செய்த தந்திரம் அது.

அவருக்கு முன்னால் இருந்தவர்கள்

ஹெர்க்கே முதலில் ஆட்டக்காரர்தான். கிராண்ட் கான்கோர்ஸில் இருந்த ஹோட்டல் ஒன்றின் அடித்தளத்தில், பிளாசா டனல் என்ற கிளப்பில், ஜான் பிரவுன் என்ற டிஜே போட்ட பாட்டுகளுக்கு ஆடியவர். ராக் குழு ஒன்றின் நீளமான டிரம்ஸ் பாட்டையும் ஜேம்ஸ் பிரவுனையும் ஒரே ராத்திரியில் கலந்து போடும் அந்தச் சுவை அங்கிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஜான் பிரவுன் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

புரூக்ளினில் ஜொனாதன் கேமரன் ஃப்ளவர்ஸ், கிராண்ட்மாஸ்டர் ஃப்ளவர்ஸ் என்று அழைக்கப்பட்டவர். கிராண்ட்மாஸ்டர் என்ற பட்டத்தை டிஜேக்களில் முதலில் சூட்டிக்கொண்டவராக இவரைத்தான் சொல்வார்கள். 1960களின் கடைசியிலிருந்தே பூங்காக்களிலும் மண்டபங்களிலும் பெரிய ஸ்பீக்கர்களை இறக்கி, ஒரு பாட்டு முடியாமலே அடுத்த பாட்டுக்குள் வழுக்கிப் போகும் கலையை வைத்திருந்தார். பிராங்ஸ் பக்கத்தில் வட கரோலினாவிலிருந்து வந்த பீட் டிஜே ஜோன்ஸ் இதையே செய்தார், அதுவும் தாளம் பிசகாமல். இந்த இருவரையும் "டிஸ்கோ டிஜேக்கள்" என்று ஒரு பெட்டிக்குள் போட்டு ஹிப் ஹாப் வரலாற்றின் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அது நியாயமே இல்லை, ஏனென்றால் இவர்கள் பூங்காவில் போட்டது கறுப்பின மக்களின் ஃபங்க், கேட்டதும் அதே மக்கள். வித்தியாசம் வயதிலும் உடையிலும் இருந்தது. ஜோன்ஸின் கூட்டம் வேலைக்குப் போகிற, கோட்டு சூட்டு போட்டு வருகிற, சண்டை வேண்டாத கூட்டம். ஹெர்க்கின் கூட்டம் கிளப் வாசலில் திருப்பி அனுப்பப்படுகிற பள்ளிப் பிள்ளைகள். ஹிப் ஹாப் பிறகு பிள்ளைகளின் இசையாக உலகத்துக்குப் போனதால் பிள்ளைகளின் டிஜேவே தொடக்கம் என்று ஆனது.

பிராங்ஸ்டேல் குடியிருப்பில் டிஸ்கோ கிங் மாரியோ என்று ஒருவர் இருந்தார். பின்னாளில் பெரிய டிஜேவான ஆஃப்ரிகா பம்பாட்டாவுக்குத் தொடக்கத்தில் கருவிகள் கொடுத்து உதவியவர், தன் குடியிருப்பின் நடுவில் ஊரைக் கூட்டி ஆட வைத்தவர். 1994ல் இறந்துபோனார். ஹெர்க்குக்கு முன்னாலேயே மாரியோ கூட்டம் நடத்தினார் என்று அந்தப் பகுதி ஆட்கள் அடித்துச் சொல்கிறார்கள். நடத்தியிருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் கூட்டம் நடத்துவதும் பிரேக்கைப் பிடித்து இழுப்பதும் ஒன்றல்ல.

இன்னொரு இடமும் உண்டு, ஹிப் ஹாப் ஆட்கள் வாயே திறக்காத இடம். மன்ஹாட்டனில், பழைய தேவாலயம் ஒன்றுக்குள் இருந்த சாங்க்சுவரி கிளப்பில், பெரும்பாலும் தன்பால் ஈர்ப்புள்ள ஆண்கள் ஆட வந்த அந்தக் கூட்டத்துக்காக, ஃபிரான்சிஸ் கிராசோ என்ற இத்தாலிய வம்சாவளிக்காரர் 1970 வாக்கிலேயே இரண்டு டர்ன்டேபிள்களின் தாளத்தை ஒன்றாகப் பொருத்தி, சுழலும் தட்டின் மேல் ரெக்கார்டை விரலால் பிடித்து வைத்திருந்து சரியான நொடியில் விடும் முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். 1970களின் நடுவில் கேலக்ஸி 21 கிளப்பில் வால்டர் கிப்பன்ஸ் இரண்டு பிரதிகளை வைத்து டிரம்ஸ் பகுதியை நீட்டிக்கொண்டே போனார், பிராங்ஸில் நடந்த அதே வேலை, ஆற்றுக்கு இந்தப் பக்கம். இவர்களைப் பார்த்து அவர்கள் செய்தார்கள் என்பதற்கு ஒரு ஆதாரமும் கிடையாது. கையில் இரண்டு டர்ன்டேபிள், எதிரில் டிரம்ஸுக்குத் துள்ளுகிற கூட்டம் என்றால் கை அந்த வழியில்தான் போகும் போல.

இரண்டு பத்திரிகைத் துண்டுகள்

இந்த வழக்கில் நினைவுகளைவிட நான் அதிகம் நம்புவது பில்போர்ட் என்ற இசை வணிகப் பத்திரிகையில் வந்த இரண்டு கட்டுரைகளை. இரண்டையும் எழுதியவர் ராபர்ட் ஃபோர்ட். எதுவும் பெரிதாவதற்கு முன்னால், யாருக்கும் பிறந்தநாள் தேவைப்படாத காலத்தில் எழுதப்பட்டவை, அதனாலேயே பெறுமதி.

முதலாவது 1978 ஜூலையில் வந்தது. பிராங்ஸ் பிள்ளைகள் கடைகளில் வந்து பழைய, யாருக்கும் தெரியாத ரெக்கார்டுகளை எதற்கு இப்படிக் கேட்டு வாங்குகிறார்கள் என்று தேடிப் போய் ஹெர்க்கிடம் முடிகிறது. பாட்டில் நல்ல பகுதி வருவதற்கு வயலினையும் பாட்டையும் எல்லாம் பொறுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருக்கிறது, நான் அதை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன் என்ற பொருளில் ஹெர்க் அதில் சொல்கிறார். கட்டுரையின் விஷயம் பிரேக், பிரேக், பிரேக்.

இரண்டாவது 1979 மே மாதம். கறுப்பின டிஸ்கோக்களில் டிஜேக்கள் தாளத்தோடு பேசி ராப் செய்கிறார்கள் என்பது பற்றி. அதில் டிஜே ஹாலிவுட், எடி சீபா, லவ்பக் ஸ்டார்ஸ்கி, கர்டிஸ் ப்ளோ வருகிறார்கள்.

பாருங்கள், ஒரே எழுத்தாளர், பத்து மாத இடைவெளி, இரண்டு விஷயம், இரண்டு கூட்டம். ரெக்கார்டை வெட்டி ஒட்டும் கலை ஹெர்க்கின் பெயரில், தாளத்தின் மேல் எதுகை வைத்துப் பேசும் கலை ஹாலிவுட் முதலானவர்களின் பெயரில். பிற்பாடு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 1973 ஆகஸ்டில் இறக்கி வைத்தபோது ஹார்லெமின் ஆண்டனி ஹாலோவே, அதாவது டிஜே ஹாலிவுட், மூட்டைக்கு வெளியே விழுந்துவிட்டார். ஐசக் ஹேய்ஸ் பாடிய வரிகளை எடுத்து வேறொரு ரெக்கார்டின் தாளத்தில் பொருத்திப் பேசிப் பார்த்து, கூட்டம் கொந்தளித்ததைக் கண்டு அங்கிருந்து வளர்த்தவர் அவர். அப்போலோ தியேட்டரின் இடைவேளைகளில் மேடை ஏறியவர். கோக் லா ராக் கூப்பிட்டது பெயர்கள், ஹாலிவுட் சொன்னது பாட்டு. ராப்புக்கு ஒரு தொடக்கம் சொல்லியே ஆக வேண்டும் என்றால் நான் ஹாலிவுட் பக்கம்தான் நிற்பேன், இதைச் சொன்னால் பிராங்ஸ்காரர்களுக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே சொல்கிறேன்.

ஜமைக்கா

இங்கேதான் சூடு அதிகம். ஹெர்க் ஜமைக்காவில் பிறந்தார், அங்கே சவுண்ட் சிஸ்டம் உண்டு, அங்கே டோஸ்டிங் என்று ரெக்கார்டின் மேல் பேசும் வழக்கம் உண்டு, ஆக ஹிப் ஹாப் ஜமைக்காவிலிருந்து வந்தது என்பது வாதம். கேட்க நன்றாக இருக்கும், பாடப்புத்தகத்தில்கூட ஏறிவிட்டது. ஆனால் 1984ல் ஹிப் ஹாப் பற்றி வந்த முதல் நூல்களில் ஒன்றில் ஹெர்க்கே இதை மறுத்திருக்கிறார்: பிராங்ஸில் ரெகே போட முடியாது, மக்கள் ஏற்க மாட்டார்கள், ராப்புக்குத் தூண்டுதல் ஜேம்ஸ் பிரவுனும், தாளத்தோடு கதை பேசும் "ஹஸ்லர்ஸ் கன்வென்ஷன்" ஆல்பமும்தான் என்று. பிறகு வந்த பேட்டிகளில் சின்ன வயதில் கிங்ஸ்டனில் பார்த்த சவுண்ட் சிஸ்டங்களை அன்போடு நினைவுகூர்ந்திருக்கிறார். இரண்டையும் வைத்து அவர் பேச்சை மாற்றிவிட்டார் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. பெட்டி ஜமைக்கா, உள்ளே இருந்த சரக்கு அமெரிக்கா. பேஸைக் கூட்டி வைப்பது, எக்கோ, லேபிளை உரிப்பது, சவுண்டோடு சவுண்டு மோதுவது எல்லாம் கிங்ஸ்டன் பழக்கம். பாட்டு, ஆட்டம், பேச்சின் எதுகை எல்லாம் பிராங்ஸிலும் ஹார்லெமிலும் வளர்ந்த கறுப்பின அமெரிக்க மக்களின் சொத்து.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் ஜமைக்கா வாதமும் வட்டமாகத் திரும்புகிறது. கிங்ஸ்டனில் ரெக்கார்டின் மேல் பேசுவதைத் தொடங்கிவைத்த கவுண்ட் மச்சுகி, அமெரிக்காவின் கறுப்பின ரேடியோ அறிவிப்பாளர்கள் எதுகை வைத்து வேகமாகப் பேசிய பாணியைப் பார்த்துத்தான் பேசப் பழகினார். அந்த அறிவிப்பாளர்களில் பெரிய பெயர் ஜாக்கோ ஹெண்டர்சன். ஹார்லெம் டிஜேக்கள் வளர்ந்ததும் அதே ரேடியோக் குரல்களைக் கேட்டுத்தான். ஒரே விதை, இரண்டு ஊரில் முளைத்தது. ஒரு நாட்டுக்குப் பட்டா எழுதிக் கொடுக்க நினைக்கிறவர்களுக்கு இது பிடிக்காது, இரண்டு பக்கத்திலும்.

சமீப ஆண்டுகளில் இந்த வாதம் கசப்பாகப் போய்க்கொண்டிருக்கிறது. கரீபியன் குடும்பத்துப் பிள்ளைகள் வேறு, அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்களின் வம்சம் வேறு என்று கோடு போட்டு, கோட்டுக்கு எந்தப் பக்கம் யார் என்று ஒவ்வொரு டிஜேவையும் விசாரிக்கிறார்கள். பிராங்ஸ் டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் கரீபியன் தீவான பார்பேடோஸில் பிறந்தவர், பீட் ஜோன்ஸ் வட கரோலினா, சரி, ஆனால் ஃப்ளாஷ் தாளம் பிசகாத கைவேலையைப் பார்த்துக் கற்றது ஜோன்ஸிடம். அந்தக் கோட்டை இந்த இருவருக்கும் நடுவில் எங்கே போடுவது?

ஃப்ளாஷின் கணக்கு

ஹெர்க்கின் மெர்ரி கோ ரவுண்டில் ஒரு குறை இருந்தது. ஊசியைக் கண்ணால் பார்த்து உத்தேசமாகத்தான் வைத்தார், அதனால் ஒரு பிரேக்கிலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது தாளம் இடறும். ஆடுகிறவர்களுக்கு அது பெரிதில்லை. ஜோசஃப் சாட்லர் என்ற பையனுக்கு, அதாவது ஃப்ளாஷுக்கு, அது தாங்கவில்லை. தொழிற்பள்ளியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர், பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பார்க்கும் ஆள்.

அவர் செய்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிஜே வாத்தியக்காரரான இடம் இதுதான். எல்பி ரெக்கார்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும், அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ஐந்தரை விநாடி பிரேக் என்றால் ஏறக்குறைய மூன்று சுற்று. ஊசியைத் தூக்கவே வேண்டாம், பிரேக் முடிந்ததும் ரெக்கார்டை மூன்று சுற்று பின்னுக்குத் தள்ளினால் போதும், தொடக்கத்தில் வந்து நிற்கும். எத்தனை சுற்று என்று எண்ண, லேபிளில் கிரேயானால் கடிகார முள் மாதிரி ஒரு கோடு. ரெக்கார்டைப் பின்னுக்குத் தள்ளும்போது அடியில் தட்டு முன்னுக்கே சுழல வேண்டும், அதற்கு ரப்பர் விரிப்பு உதவாது, பிடித்துக்கொள்ளும், அதனால் ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டிக் கஞ்சி ஏற்றி இஸ்திரி போட்டு விறைப்பாக்கி இடையில் போட்டார். மற்ற ரெக்கார்டில் பிரேக் எங்கே இருக்கிறது என்று கூட்டத்துக்குக் கேட்காமல் தனக்கு மட்டும் ஹெட்ஃபோனில் கேட்க, மிக்சரில் தானே ஒரு சுவிட்ச் பொருத்தினார். ரெக்கார்டின் மேல் விரலை அழுத்தி வைத்தால் கீறிவிடும் என்று பல டிஜேக்கள் பயந்த காலம் அது.

இதையெல்லாம் மாதக்கணக்கில் பழகிப் பூங்காவில் முதல்முறை செய்து காட்டியபோது யாரும் ஆடவில்லை. நின்று வேடிக்கை பார்த்தார்கள். வீட்டுக்குப் போய் அழுதேன் என்று ஃப்ளாஷ் சொல்லியிருக்கிறார். கையில் இவ்வளவு வேலை நடக்கும்போது கூட்டத்தைப் பிடித்து வைக்க வாய் ஒன்று வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது, மைக்கைக் கவ்பாய் என்பவர் கையில் கொடுத்தார், பின்னால் மெல்லி மெல்லும் அவர் அண்ணனும் வந்து சேர்ந்தார்கள். பிராங்ஸில் எம்சி என்ற, மைக் பிடித்துப் பேசும் ஆள் வளர்ந்ததற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது. ஹார்லெமில் டிஜேவே பேசினார். பிராங்ஸில் டிஜேவின் இரண்டு கையும் நிரம்பிவிட்டது.

நான்கு கூறுகள் என்ற கட்டு

டிஜே, எம்சி, பிரேக்குக்கு ஆடும் பிரேக்கிங், சுவரில் எழுதும் கிராஃபிட்டி நான்கும் சேர்ந்தது ஹிப் ஹாப் என்று வகுத்துப் பரப்பியவர் பம்பாட்டா. இந்த வரையறை வந்தபிறகுதான் "கலாச்சாரம்" வந்தது, அதன் பிறந்தநாள் என்ற கேள்வியும் வந்தது. அவருடைய ஸூலூ நேஷன் அமைப்பு நவம்பர் 12ஐத்தான் பிறந்தநாளாகக் கொண்டாடிவந்தது என்பதை ஆகஸ்ட் 11காரர்கள் அதிகம் சொல்வதில்லை.

ஆனால் நான்கும் ஒரே தொட்டிலில் பிறக்கவில்லை. சுவரில் பெயர் எழுதுவது 1960களிலேயே ஃபிலடெல்ஃபியாவில் கார்ன்பிரெட் என்பவரோடு பேசப்பட்டது, 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ், ஊரெல்லாம் அந்தப் பெயரை எழுதிவைத்த டாக்கி 183 பற்றி எழுதிவிட்டது, ஹெர்க் ரெக்கார்டு போட இரண்டு வருடம் இருக்கும்போதே. ரயில்பெட்டியில் எழுதிய பலர் கேட்டது ராக் இசை. பிரேக்கிங்கை எடுத்துக்கொண்டால், முதலில் ஆடியவர்கள் கறுப்பினப் பிள்ளைகள், 1970களின் பிற்பகுதியில் அவர்களுக்கு அது பழசாகிவிட்டது, கைவிட்டார்கள், அந்த நேரத்தில் அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் போர்ட்டோ ரிக்கோ பிள்ளைகள், 1977ல் தொடங்கிய ராக் ஸ்டெடி க்ரூ உட்பட. டர்ன்டேபிளிலும் டிஸ்கோ விஸ், சார்லி சேஸ் இருந்தார்கள். பாதிக்குப் பாதி என்று பங்கு கேட்பதை நான் ஏற்க மாட்டேன், தொடக்க வருடங்களின் டிஜே வரிசையில் அது உண்மை இல்லை. ஆனால் போர்ட்டோ ரிக்கோ மக்கள் பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளிகள் என்பதும் பொய். ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கியவர்கள், 1971 டிசம்பரில் பிராங்ஸின் ஹோ அவென்யூவில் கும்பல்கள் கூடிச் சமாதானம் பேசியபோது அதை முன்னின்று நடத்திய கெட்டோ பிரதர்ஸே போர்ட்டோ ரிக்கோ பிள்ளைகளின் கும்பல்தான். அந்தச் சமாதானம் இல்லாமல் ஒரு தெருப் பையன் அடுத்த தெருப் பார்ட்டிக்கு உயிரோடு போய்வந்திருக்க முடியாது.

தேதி எப்படி ஒட்டிக்கொண்டது

சண்டை பழசுதான். 1986ல் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பின் எம்சி ஷான் தன் ஊர் எப்படித் தொடங்கியது என்று பாடியதை, ஹிப் ஹாப்பே அங்கே தொடங்கியது என்று சொல்வதாக எடுத்துக்கொண்டு பிராங்ஸின் ராப் பாடகர் கேஆர்எஸ் ஒன் "சவுத் பிராங்ஸ்" என்று பதில் பாட்டுப் போட்டார். அந்தப் பாட்டில் ஹெர்க்கும் மற்றவர்களும் பெயர் பெயராக வருகிறார்கள். ஒரு தலைமுறைக்கு வரலாற்றுப் பாடம் அந்தப் பாட்டுதான்.

செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற முகவரி அரசாங்கக் காகிதத்தில் ஏறியது 2007ல். காரணம் வாடகை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வாடகையைக் கட்டுப்படுத்தும் மிட்செல் லாமா திட்டத்திலிருந்து கட்டட உரிமையாளர்கள் வெளியேறப் பார்த்தார்கள், குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள், இது ஹிப் ஹாப் பிறந்த கட்டடம் என்ற பேச்சு அவர்களுக்கு ஆயுதமானது, ஹெர்க்கும் வந்து கூட நின்றார். அந்த ஆண்டு ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் பூங்கா, வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகம் ஹிப் ஹாப்பின் பிறப்பிடமாக அந்தக் கட்டடத்தை அங்கீகரித்தது. ஏழைகள் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளப் பிடித்த கைப்பிடி அது. அந்தத் தேதியின் மேல் எனக்கு எவ்வளவு கேள்வி இருந்தாலும் இதற்காக அதன்மேல் மரியாதை உண்டு. புரூக்ளின் பூங்காக்களில் ஃப்ளவர்ஸ் போட்ட இசைக்கு இப்படி ஒரு கட்டடமும் இல்லை, கையால் எழுதிய அட்டையை எடுத்துக்காட்ட ஒரு தங்கையும் இல்லை. 1992ல் அவர் இறந்தபோது அவர் கதையைக் கேட்டு எழுதி வைக்க ஆள் இல்லை.

கடைசியாக ஸ்கிராட்ச். அதைக் கண்டுபிடித்தவர் தியோடர் லிவிங்ஸ்டன், கிராண்ட் விஸர்ட் தியோடர், அப்போது 12, 13 வயது. தன் அறையில் சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா கதவைத் தட்டித் திட்ட வந்தார், பையன் ரெக்கார்டைக் கையால் பிடித்து நிறுத்தினான், அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே அது கைக்கடியில் முன்னும் பின்னும் கொஞ்சம் அசைந்தது, ஹெட்ஃபோனில் அந்தச் சத்தம் கேட்டது. 1975 என்பார்கள், 1977 என்பார்கள். டிக்கெட் போட்ட நிகழ்ச்சி இல்லையே, தேதி எழுத. அம்மா போனதும் கதவைச் சாத்திவிட்டு அவன் அந்தச் சத்தத்தைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தான்.